இணைய வகுப்பு தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் (சிங்கப்பூர்)

வார இறுதிகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தொண்டூழியராக உட்கார்ந்து சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்), கைப்பேசிச் சிக்கல்களைச் சரிசெய்து தருகிறேன். சிங்பாஸ் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எழுந்து போகிற நேரத்தில்தான், "தம்பி, ஆன்லைன்ல ஒரு கிளாஸ் சேரலாம்னு பாக்கறேன்..." என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். தொகையும் விதியும் மாறக்கூடியவை, பணம் கட்டும் நாளில் உரிய தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

"யூடியூப்லயே எல்லாம் இருக்கே. அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து கிளாஸ்?"

பல விஷயங்களுக்கு யூடியூப் போதும். எக்செலில் ஒரு சூத்திரம், தையல் மெஷினில் நூல் கோப்பது, கேக் சுடுவது என்றால் வகுப்பே வேண்டாம். வகுப்பு என்று காசு வாங்குபவர் அதற்கு மேல் ஏதாவது தர வேண்டும். முக்கியமாக, நீங்கள் செய்த வேலையை ஒருவர் பார்த்து "இங்கே தப்பு, இப்படி மாற்று" என்று சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் வாங்குவது வரிசைப்படுத்திய வீடியோக்கள்தான். அதுவும் தப்பில்லை, ஆனால் அதற்கு வீடியோ விலைதான் கொடுக்கணும், வகுப்பு விலை கொடுக்கக் கூடாது.

பொதுவாக மூன்று வகை உண்டு. பதிவுசெய்த பாடம்: எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், விலை குறைவு, கேட்க ஆள் இருக்காது. நேரலை வகுப்பு: ஜூம் மாதிரி ஒன்றில் குறித்த நேரத்துக்கு வரணும், ஆசிரியர் எதிரே இருப்பார். கலப்பு வகை: வீடியோவை வீட்டில் பார்த்துவிட்டு, வாரம் ஒருமுறை ஆசிரியரோடு கூடுவது. ஒழுங்காக நடத்தினால் மூன்றாவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

"எங்க தேடறது? கூகுள்ல போட்டா விளம்பரமா வருது."

என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டுத் தேடுங்கள். "கணினி கத்துக்கணும்" என்று தேடினால் ஆயிரம் வரும். "கடைக் கணக்கை எக்செலில் போடத் தெரியணும்" என்றால் பத்துதான் வரும், அந்தப் பத்தும் உங்களுக்கானவை.

வேலை சம்பந்தப்பட்ட பயிற்சி என்றால் முதலில் அரசாங்கத்தின் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளம். அதில் வகுப்பு இணையம் வழியா, நேரடியா என்று பிரித்துப் பார்க்கலாம். மானியம் போக நீங்கள் கட்ட வேண்டிய தொகையும் தெரியும். பல்கலைக்கழகத் தரத்தில் ஒரு துறையை அறிய கோர்செராவும் எட்எக்ஸும். சின்னச் சின்னத் திறன்களுக்கு யூடெமி. உள்ளூரில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வேலை செய்வோருக்குக் குறுகிய வகுப்புகள் நடத்துகின்றன, அவற்றில் பல பாதியோ முழுவதுமோ இணையத்தில்தான். இவை விளம்பரத்தில் அதிகம் கண்ணில் படாது, நாம்தான் அந்தந்தக் கல்லூரியின் தளத்துக்குப் போய்ப் பார்க்கணும்.

"காசே இல்லாம நல்லதா ஏதும் கிடைக்குமா?"

கிடைக்கும். பலர் வருடக்கணக்கில் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாத ஒன்று நூலக உறுப்பினர் கணக்கு. தேசிய நூலக வாரியம் மின்வளங்கள் பகுதியில் யூடெமி பிசினஸ் போன்ற கட்டணத் தளங்களை உறுப்பினர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. வெளியே காசு கொடுத்து வாங்கும் பாடங்களில் பல அதற்குள்ளேயே இருக்கும். வாங்கும் முன் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பொறியியல், கணிதம், நிரலாக்கம் என்றால் இந்திய ஐஐடிகள் 2003 முதல் நடத்தும் என்பிடெல் பாடங்கள் முழுக்க இலவசம். சில பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் உண்டு. ஒரு சிக்கல்: சான்றிதழ் வேண்டுமென்றால் இந்தியாவில் உள்ள தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதணும். அறிவு மட்டும் போதும் என்பவர்களுக்கு அருமையான இடம்.

தமிழ் படிக்க விரும்பினால், தமிழ்நாடு அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. முன்பு தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று பெயர். மழலைப் பாடத்திலிருந்து பட்டப் படிப்பு வரைக்கும் பாடங்கள் தளத்தில் கிடக்கின்றன. வெளிநாட்டுத் தமிழர்களை மனத்தில் வைத்தே உருவானது.

"என் கணக்குல அந்த 500 வெள்ளி இன்னும் இருக்கா? 4,000னு வேற சொல்றாங்களே."

இரண்டும் வேறு வேறு. 25 வயதான சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டாக (வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் தொகை) 500 வெள்ளி கிடைக்கும், அது காலாவதி ஆகாது. 2020இல் ஒருமுறை கூடுதலாகக் கொடுத்த 500 வெள்ளிக்கு 2025 டிசம்பர் 31 வரைதான் ஆயுள். "இருந்த காசு காணோம்" என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

4,000 வெள்ளி என்பது 2024 மே மாதத்திலிருந்து 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு வந்தது. இதற்கும் காலாவதி இல்லை. ஆனால் எல்லா வகுப்புக்கும் செல்லாது. வேலை வாய்ப்பைக் கூட்டும் என்று தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டும்தான். பூ அலங்காரம் கற்க 4,000த்தை எடுக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு நான் சொன்ன பதில்: அதற்கு முடியாது.

உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை சிங்பாஸ் மூலம் மைஸ்கில்ஸ்ஃபியூச்சரில் நுழைந்தால் உடனே பார்க்கலாம். வகுப்பு தொடங்கிய பிறகு கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அதற்கு முன்பே விண்ணப்பிக்கணும். இதற்கு மேல் என்டியுசி (தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ்) சங்க உறுப்பினராக இருந்தால் 'யூடாப்' உதவி: அங்கீகரித்த வகுப்புகளில் மானியம் போக நீங்கள் கட்டும் தொகையில் பாதி, வருடத்துக்கு 250 வெள்ளி வரை, 40 வயதுக்கு மேல் என்றால் 500 வரை.

"நான் வொர்க் பெர்மிட்ல இருக்கேன். எனக்கு ஏதாவது உண்டாண்ணே?"

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடிமக்களுக்கு மட்டும். வகுப்புக் கட்டண மானியமும் பெரும்பாலும் குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்குத்தான். ஆக, உங்கள் கைக்காசில்தான் படிக்கணும். அதனாலேயே மேலே சொன்ன இலவச இடங்களிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலம், எக்செல், கட்டுமான வரைபடம் படிப்பது ஆகியவற்றுக்கு முதல் மூன்று மாதம் காசே செலவழிக்க வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. கட்டுமானத் தளத்துக்குக் கட்டாயமான பாதுகாப்புப் பயிற்சி, சம்பளப் படி ஏற உதவும் தொழில்திறன் தேர்வு ஆகியவை அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் நடப்பவை. "வீட்டிலிருந்தே ஆன்லைனில் முடிச்சுத் தர்றோம், சான்றிதழ் கையில்" என்று யாராவது சொன்னால் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கம்பெனிப் பாதுகாப்பு அதிகாரியிடம் காட்டுங்கள். போலிச் சான்றிதழோடு பிடிபட்டால் போவது கட்டிய பணம் மட்டுமல்ல, பெர்மிட்டும்தான்.

"வாட்ஸ்அப்ல ஒருத்தர் என் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசை எடுத்து ரொக்கமா பாதி தர்றேங்கிறார். நல்ல ஆளாத்தான் தெரியுது."

வேண்டாம். கிரெடிட்டைப் பணமாக மாற்ற வழியே கிடையாது. வகுப்புக்குப் போகாமல் போனதாகக் காட்டிப் பணம் வாங்குவது மோசடி, அதில் உங்கள் பெயர்தான் இருக்கும், அவர் பெயர் இருக்காது. 2017இல் இப்படிப் பொய்க் கோரிக்கை கொடுத்த சுமார் 4,400 பேரிடமிருந்து 2.2 மில்லியன் வெள்ளியை அரசாங்கம் திரும்பக் கேட்டது. அதே ஆண்டு ஒரு கும்பல் ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளி மானியத்தை ஏமாற்றி எடுத்தது வெளியே வந்தது. அதன்பின் சோதனை கடுமையாகிவிட்டது.

இன்னொரு விஷயம்: மானியம் பெறும் பயிற்சி நிறுவனங்கள் ஏஜெண்டுகள் மூலம் ஆள் பிடிப்பது 2023 டிசம்பரிலிருந்து தடை. அதனால் எம்ஆர்டி வாசலிலோ வாட்ஸ்அப்பிலோ கமிஷனுக்கு ஆள் சேர்க்கிறவர் வந்தாலே சந்தேகப்படுங்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லையோ ஒருமுறை எண்ணையோ (ஓடிபி) யாருக்கும் சொல்லாதீர்கள், உதவி மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும்கூட. சந்தேகம் வந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

"சர்ட்டிஃபிகேட் கிடைச்சா வேலை கிடைச்சிடுமா?"

சான்றிதழில் இரண்டு ரகம். வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டால் வருவது ஒன்று. தேர்வோ வேலையோ செய்துகாட்டினால் வருவது இன்னொன்று. ஆட்சேர்ப்பவர்களுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். முதல் ரகம் விண்ணப்பத்தில் ஆர்வத்தைக் காட்டும், அவ்வளவுதான். நிறுவனமே நடத்தும் தேர்வுகள், உதாரணமாக மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ, அமேசான் மேகக்கணினிச் சான்றுகள், எடை உள்ளவை. ஏனென்றால் எங்கே படித்தாலும் தேர்வு ஒன்றுதான்.

நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தை எடுத்து, அவற்றில் அந்தச் சான்றிதழின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றில்கூட இல்லை என்றால் சான்றிதழுக்காகக் காசு கொடுக்காதீர்கள். அதைவிட, வகுப்பில் நீங்களே செய்த ஒரு வேலை (ஒரு இணையப்பக்கம், ஒரு கணக்கறிக்கை, வரைந்த வடிவமைப்பு) நேர்காணலில் அதிகம் பேசும்.

"ஊர்ல ஒரு யுனிவர்சிட்டில ஆன்லைன் டிகிரி மலிவா இருக்கு. இங்க செல்லுமா?"

இதற்கு ஆம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. இரண்டு கதவு தாண்டணும்.

முதல் கதவு இந்தியாவில். அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை இணையவழியில் நடத்த யுஜிசி (இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி பெற்றதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் பட்டியலில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, அந்தப் பாடத்தின் பெயரும் அந்தக் கல்வியாண்டும் இருக்கணும். அனுமதி உள்ளவை நேரடிப் பட்டத்துக்கு இணை என்று 2022இல் யுஜிசி அறிவித்தது. ஆனால் பொறியியல், மருத்துவம், தாதிமை, சட்டம், கட்டடக்கலை போன்றவற்றைத் தொலைநிலையிலோ இணையத்திலோ நடத்தவே அங்கே அனுமதி இல்லை. "ஆன்லைன் பி.ஈ." என்று யாராவது விற்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கதவு இங்கே. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு வெளிநாட்டுப் பட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதில்லை. முதலாளி ஏற்றுக்கொண்டால் செல்லும், இல்லாவிட்டால் இல்லை. மருத்துவர், தாதி, பொறியாளர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழில்களுக்கு அந்தந்தத் தொழில் மன்றத்தின் பட்டியல்தான் முடிவு. எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதி) எண்ணத்தோடு படிப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: 2023 செப்டம்பர் 1 முதல், விண்ணப்பத்தில் பட்டயமோ அதற்கு மேற்பட்ட தகுதியோ காட்டினால் அது உண்மையானது என்ற சரிபார்ப்புச் சான்றையும் சேர்த்துத் தரணும். பல்கலைக்கழகம் கடிதத்துக்கே பதில் போடாத இடமாக இருந்தால் அங்கே இழுபறிதான்.

"பிள்ளைக்கு டியூஷன். ஊர் டீச்சர் பாதி விலைக்கு எடுக்கிறாங்க. சேக்கலாமா?"

பாடத்தைப் பொறுத்தது. அறிவியல் அடிப்படை, கணக்கு வாய்ப்பாடு, கர்நாடக சங்கீதம், சதுரங்கம் என்றால் தாராளமாக. தேர்வுக்கு என்றால் ஒருமுறை யோசிக்கணும். இங்கே தொடக்கநிலைக் கணக்கை, அளவுகளைப் பட்டைப் படமாக வரைந்து போடச் சொல்கிறார்கள், ஊர் ஆசிரியர் நேராக எக்ஸ், ஒய் வைத்துப் போட்டுவிடுவார். விடை சரி, ஆனால் வகுப்பில் சொல்லித்தரும் முறையோடு மோதிக் குழந்தை குழம்பும்.

தமிழில் வித்தியாசம் இன்னும் அதிகம். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழ் வாய்மொழித் தேர்வில் 2017 முதல் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். பேச்சுத்தமிழில் சரளமாகக் கருத்துச் சொல்வதுதான் எதிர்பார்ப்பு. இலக்கணமும் செய்யுளும் நன்றாகச் சொல்லித்தரும் ஊர் ஆசிரியர் பலருக்கு இந்தத் தேர்வே தெரிந்திருக்காது. "எங்கள் பாடத்திட்டத்தையும் பழைய தேர்வுத்தாளையும் பார்த்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். "அனுப்புங்க, படிச்சுப் பாக்கறேன்" என்று சொல்கிறவர் நல்லவர். "எல்லாம் ஒண்ணுதான்" என்கிறவர் வேண்டாம்.

அதற்கு முன் பள்ளி கொடுத்திருப்பதைப் பயன்படுத்துங்கள். கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் தளத்தில் பாடத்திட்டப்படியே பயிற்சிகள் இருக்கின்றன, செலவு இல்லை. இந்தியக் குடும்பங்களுக்கு சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகள் மிகக் குறைந்த கட்டணத்தில் உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டு, இன்னும் எதில் ஓட்டை என்று தெரிந்துகொண்டு தனி ஆசிரியரைத் தேடினால் செலவும் குறையும்.

"டெமோ கிளாஸ்ல என்ன பாக்கணும்? எல்லாருமே டெமோவுல நல்லாத்தான் எடுக்கறாங்க."

டெமோ எடுப்பவர்தான் தொடர்ந்து எடுப்பாரா என்பதை முதலில் கேளுங்கள். சில நிறுவனங்களில் டெமோவுக்கு ஒரு ஆள், பணம் கட்டிய பிறகு வேறு ஆள். பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்து, வேண்டுமென்றே ஒரு தப்பான பதிலைச் சொல்லிப் பாருங்கள். குழந்தையாக இருந்தால் அதுவே சொல்லிவிடும், ஏற்பாடு தேவையில்லை. "தப்பு, சரியான விடை இது" என்று தாண்டிப் போகிறாரா, "எப்படி இந்த விடை வந்துச்சு?" என்று கேட்கிறாரா? இரண்டாவது ஆள்தான் ஆசிரியர். டெமோவில் மற்றதெல்லாம் ஒப்பனைதான், இதை நடிக்க முடியாது.

வகுப்பில் எத்தனை பேர், வீட்டுப்பாடத்தைத் திருத்தி எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், ஒரு வகுப்பைத் தவறவிட்டால் பதிவு கிடைக்குமா, பொது விடுமுறை நாளில் என்ன என்பதையும் கேளுங்கள். "திருத்திய வீட்டுப்பாடம் ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டால் பல இடங்களில் பேச்சு நின்றுவிடும். எங்கே நிற்கவில்லையோ அங்கே சேருங்கள்.

"ரிவ்யூ எல்லாம் அஞ்சு ஸ்டார். நம்பலாமா?"

ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்றைப் படியுங்கள். "பாடம் நல்லா இருந்துச்சு, ஆனா கேள்வி கேட்டா பதிலே இல்லை" என்பது மாதிரி உருப்படியான தகவல் அங்கேதான் இருக்கும். தேதியையும் பாருங்கள். கணினி சம்பந்தப்பட்ட பாடம் மூன்று வருடம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் எத்தனை நட்சத்திரமும் பயன்படாது.

"நேத்து 150 வெள்ளி காட்டுச்சு, இன்னிக்கு 18. இதுல ஏதாவது ஏமாத்து வேலை இருக்கா?"

யூடெமி போன்ற தளங்களில் இது வழக்கம். முழு விலை ஒன்று எழுதியிருக்கும், அடிக்கடி தள்ளுபடி வரும். "இன்னும் மூன்று மணி நேரம்தான்" என்று கடிகாரம் ஓடினாலும் பதற வேண்டாம், கொஞ்ச நாளில் மறுபடி வரும். முழு விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான். அதற்கும் முன் நூலகக் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா?

கட்டும்போது காட்டிய விலையைவிடக் கூடுதலாக வந்தால் அது பெரும்பாலும் ஜிஎஸ்டி. வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2020 முதலும், நேரலை வகுப்புகள் போன்றவற்றுக்கு 2023 முதலும் பெரிய நிறுவனங்கள் இங்குள்ளவர்களிடம் ஜிஎஸ்டி வாங்குகின்றன, இப்போது 9 விழுக்காடு. அமெரிக்க டாலரிலோ ரூபாயிலோ விலை இருந்தால் வங்கி அட்டை மாற்றுக் கட்டணம் தனி. மாதச் சந்தா என்றால் அட்டை கொடுத்த அன்றே கைப்பேசி நாள்காட்டியில் ரத்து செய்யும் தேதியைப் போட்டுவிடுங்கள்.

"கிளாஸ் நேரம் ஏழு மணின்னாங்க. சேந்தப்புறம்தான் தெரிஞ்சுது அது ஊர் நேரம்."

இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 7 என்றால் இங்கே 9.30. ஒன்றரை மணி நேர வகுப்பு முடியும்போது 11. மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது நடக்காத காரியம். லண்டன், அமெரிக்க வகுப்புகளில் இன்னொரு தொல்லை: அவர்கள் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. லண்டன் குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால், கோடையில் 7. பாதி வகுப்பு முடிந்த நிலையில் நேரம் மாறினால் அசர வேண்டாம். ஷிப்ட் வேலை செய்பவர்கள் நேரலையில் சேராதீர்கள். பதிவுப் பாடமும், கேள்வி கேட்க ஒரு வழியும் இருந்தால் போதும்.

"ஆரம்பிக்கிறேன், பாதியில விட்டுடறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?"

இல்லை. எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். காசு கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 46 விழுக்காடு முடித்தார்கள். காசு கட்டினால் படிப்பு வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. முடிக்கும் எண்ணம் உள்ளவர்தான் முதலில் காசு கட்டுகிறார். ஆனாலும் இழக்க ஏதாவது இருந்தால் உட்காருவோம் என்பது என் அனுபவமும்கூட.

இரண்டு பேராகச் சேருங்கள். முதல் வகுப்புக்குச் சின்னதை எடுங்கள்: நான்கு வாரம், வாரம் இரண்டு மணி நேரம். ஆறு மாதப் படிப்பில் முதன்முதலாகக் குதிக்கிறவர்களைத்தான் அடுத்த மாதம் மேசைப் பக்கம் மறுபடி பார்க்கிறேன், வேறொரு வகுப்பைப் பற்றிக் கேட்க. ஒரு விஷயம்: மானியம் பெற்ற வகுப்பில் பொதுவாக 75 விழுக்காடு வருகை கட்டாயம். பாதியில் விட்டால் மானியத் தொகையையும் கட்டச் சொல்லலாம்.

"அம்மாவுக்கு 68 வயசு. ஜூம்னாலே பயப்படறாங்க. அவங்களுக்கு எதைச் சேக்கறது?"

வகுப்பை விடுங்கள், முதலில் ஜூமைப் பழக்குங்கள். நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள், கைப்பேசியை எடுத்துக்கொண்டு போனால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டித் தருவார்கள், இலவசம். அதன்பின் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தேசிய மூத்தோர் கல்விக்கழக வகுப்புகளைப் பாருங்கள், பலவற்றுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அம்மாவுக்குப் பிடித்ததைச் சேருங்கள், பயனுள்ளது என்று நீங்கள் நினைப்பதை அல்ல.

"பணம் கட்டிட்டேன், வகுப்பு சரியில்லை. திருப்பித் தருவாங்களா?"

யூடெமியில் பெரும்பாலான பாடங்களுக்கு 30 நாளுக்குள் கேட்கலாம். மற்ற தளங்களில் காலம் குறைவு, சேரும்போதே விதியைப் படித்துத் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உள்ளூர் நிறுவனம் என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் மட்டும் பேசாதீர்கள். நடக்காவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் பேசிப் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள், வழக்கறிஞர் இல்லாமலே போகலாம்.

வெளிநாட்டிலிருக்கும் தனி ஆசிரியருக்கு ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாக அனுப்பியிருந்தால் இந்த வழிகள் எதுவும் பெரிதாக உதவாது. அதனால் மாதாமாதம் கட்டுங்கள். "மொத்தமா கட்டினா 30 விழுக்காடு தள்ளுபடி" என்பதுதான் அதிகம் பேர் மாட்டும் இடம்.

"இப்ப ஏஐ கிட்ட கேட்டாலே எல்லாம் சொல்லுதே. வகுப்பே தேவையா?"

முதல் கேள்வியின் பதிலோடு சேர்த்துப் படியுங்கள். சாட்ஜிபிடி மாதிரியானவை விளக்கம் கேட்க நல்ல துணை. ஆங்கில மின்னஞ்சலைத் திருத்தச் சொல்லலாம், நிரலில் பிழை எங்கே என்று கேட்கலாம். அந்த அளவுக்கு அது திருத்துகிற வேலையையும் செய்கிறது, மறுக்க முடியாது. ஆனால் தப்பையும் அதே உறுதியோடு சொல்லும், அதைத் தப்பு என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு நமக்கு விஷயம் தெரிந்திருக்கணும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுதான் சிக்கல். தமிழ் இலக்கணக் கேள்விகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இல்லாத விதியை எல்லாம் சொல்லும். வீணை விரல் நிலை, பேச்சுப் பயிற்சி போன்றவற்றுக்கு ஆள்தான் வேண்டும். பதிவுப் பாடத்தையும் ஏஐயையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் முயன்று பாருங்கள். தேங்கி நிற்கும் இடம் தெரியும். அந்த இடத்துக்கு மட்டும் ஆசிரியரைத் தேடினால், முழு வகுப்புக்குப் பதில் நாலைந்து தனி அமர்வில் வேலை முடியலாம்.

"ஒரே கணக்கை நானும் என் மச்சானும் வச்சுக்கலாமா?"

பெரும்பாலான தளங்களின் விதி ஒரு கணக்கு ஒரு ஆள் என்பதுதான். சான்றிதழில் வரும் பெயரும் ஒன்றுதான், மச்சான் எழுதிய தேர்வுக்கு உங்கள் பெயரில் சான்றிதழ் வந்தால் நேர்காணலில் மாட்டிக்கொள்வீர்கள். சான்றிதழ் வேண்டாத பாடம் என்றால், ஒரே திரை முன்னால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. மானியத்தில் படிக்கும் வகுப்பில் அதுவும் கூடாது. அங்கே வருகைப்பதிவு அவரவர் சிங்பாஸில்தான்.